புதையலும் புல்லும்

ரிஷிகள் வந்தித்த தலம் ஆதலால் ரிஷிவந்தியம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் சிவபெருமான் அர்த்தநாரீசுவரராக எழுந்தருளியிருக்கிறார். தேனபிஷேகத்தின்போது லிங்கத் திருமேனியில் அம்மையும் அப்பனும் ஓருருவாய் நிற்கும் கோலம் தெரியும் என்பது அடியார்களின் நம்பிக்கை. அந்தத் தரிசனத்தை நாடித் தேன் வாங்கிச் செல்வோர் பலர். தேன் இறைவன் திருமேனியில் சேர்கிறது. அதைக் கொண்டுசென்ற பிளாஸ்டிக் குப்பி எங்கே சேர்கிறது?

இக்கேள்வி எல்லாத் தலங்களுக்கும் பொருந்தும். பால் உறை, கற்பூரப் பொட்டலத்தின் தாள், பூ வாங்கிய பை, ஏற்றி முடித்த அகல், தண்ணீர் பாட்டில் என வழிபாட்டின் மிச்சங்கள் பிராகாரத்திலும் குளக்கரையிலும் கிடக்கின்றன. பழைய நாட்காட்டியின் சாமி படங்கள் அரச மரத்தடியில் சாய்த்து வைக்கப்பட்டு மழையில் நனைகின்றன. இவற்றை விட்டுச் சென்றவர்கள் தீய எண்ணம் உடையவர்கள் அல்லர். சாமிக்கென்று கொண்டுவந்த பொருளின் மிச்சம் அவர்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றவில்லை.

சைவ மரபோ தூய்மைப் பணியைத் தொண்டுகளின் முன்வரிசையில் வைத்தது. திருவதிகை வீரட்டானத்தில் திலகவதியார் பொழுது புலருமுன் எழுந்து, திருவலகு கொண்டு பெருக்கி, சாணத்தால் மெழுகி, அதன் பின்னரே மலர் கொய்யச் சென்றார் என்கிறது பெரியபுராணம். வழிபாடு அந்த அம்மைக்குத் துடைப்பத்திலிருந்தே தொடங்கிற்று. தம்பி திருநாவுக்கரசர் கையில் ஏந்தியது உழவாரம். புல் செதுக்கும் அந்தச் சிறு கருவியுடன் தலந்தோறும் நடந்த அவர், ரிஷிவந்தியம் இருக்கும் இந்த நடுநாட்டில் திருக்கோவலூர் வீரட்டத்தையும் பாடிப் பரவியவர்.

அப்பரடிகளின் நிறைவுக் காலம் திருப்புகலூரில் கழிந்தது. அங்கு அவர் உழவாரத் தொண்டு செய்துகொண்டிருந்தபோது, செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் புலப்பட்டன. அடிகள் அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே உழவாரத்தில் ஏந்தித் திருக்குளத்தில் எறிந்தார் என்பது சேக்கிழார் வாக்கு. புல்லை அகற்ற வந்தவருக்குப் புதையலும் அகற்ற வேண்டிய மற்றொரு பொருளே. அவர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. ஆகவே அந்தக் குனிந்த முதுகு ஒரு முதியவரின் முதுகு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்நாளில் கடல்கடந்த நாடுகளில் புதையல் தேடுவதே ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. ஜியோகேச்சிங் என்பது அதன் பெயர். 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் அது தொடங்கிற்று. ஒருவர் ஒரு சிறு பெட்டியைக் காட்டிலோ பூங்காவிலோ மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அறிவிப்பார். மற்றவர்கள் செயற்கைக்கோள் வழிகாட்டியின் துணையால் தேடிச் செல்வார்கள். பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு குறிப்பேடும் சில அற்பப் பொருள்களுமே. ஆனால் அவர்களிடையே 2002 முதல் ஒரு நல்ல வழக்கம் வேரூன்றியுள்ளது. தேடச் செல்கையில் ஒரு பையையும் எடுத்துச் சென்று, வழியில் கிடக்கும் குப்பையைத் திரட்டி வருகிறார்கள். விளையாடப் போகிறவர்களே போன வழியைத் துப்புரவாக்கித் திரும்பும்போது, புண்ணியம் தேடிப் போகிறவர்கள் எப்படித் திரும்ப வேண்டும்?

அதற்கு விடை சபரிமலையில் உண்டு. கேரளக் காவல்துறையினரின் முன்முயற்சியால் 2011இல் அங்கே ‘புண்ணியம் பூங்காவனம்’ என்னும் பணி தொடங்கிற்று. மக்காத பொருளை இருமுடியில் வைக்கலாகாது. யாத்திரையில் உண்டாகும் குப்பையை உடன் எடுத்துத் திரும்ப வேண்டும். ஒரு மணி நேரமாவது துப்புரவுத் தொண்டு செய்ய வேண்டும். பம்பையில் சோப்பும் எண்ணெயும் கலக்கலாகாது, துணியை விடலாகாது. இவை அது பக்தர்களிடம் கேட்டுக்கொண்டவை. உடுத்த ஆடையை ஆற்றில் விடுவதைச் சடங்கு என்று நம்புவோர் இன்றும் உண்டு. அது ஆசாரத்தில் சேராதது என்று அங்குள்ளோர் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பிறர் செய்யக் கண்டதை ஆராயாமல் செய்வதால், வணங்கிய ஆறே மாசுபடுகிறது.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவரும் இயக்கத்தை அரசு தொடங்கிற்று. முதியோருக்கு இது புதிய பாடம் அன்று. அவர்கள் இளமையில் பால் பித்தளைச் சொம்பில் கோயிலுக்குச் சென்றது. சொம்பு வீட்டுக்குத் திரும்பியது. பூ வாழையிலையில் வந்தது. இலை மாட்டுக்குப் போயிற்று. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது இந்த வழக்கத்தையே.

மூட்டு வலி உள்ளவர்கள் குனிந்து பொறுக்க வேண்டுவதில்லை. தாம் கொண்டுசென்ற குப்பியையும் உறையையும் அதே பையில் வீட்டுக்குக் கொண்டுவருவதே உழவாரத்தின் முதல் படி. இயன்றவர்கள் வழியில் கிடக்கும் இரண்டொரு பாட்டிலைச் சேர்த்தெடுக்கலாம். உடைந்த கண்ணாடியை வெறுங்கையால் தொடலாகாது. பலர் கூடிச் செய்யும் உழவாரப் பணிக்குக் கோயில் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கல்வெட்டுள்ள சுவரைச் சுரண்டுவதும், கோபுரத்தில் முளைத்த செடியைப் பிடுங்குவதும் ஆர்வத்தால் மட்டும் செய்யத்தக்கவை அல்ல. அவற்றை வல்லுநர்களிடம் விடுவதே முறை.

ரிஷிவந்தியத்து இறைவன் ஒரு திருமேனியில் இருவராய் நிற்பவன். அவனுக்குக் கருவறையும் தெருவும் வேறல்ல. உள்ளே தேனைச் சொரிந்த கை வெளியே குப்பியை எறியாதிருக்குமானால், அவ்வபிஷேகம் முழுமை பெறும்.