காணாத சுடர்

பதுளையிலிருந்து பசறை செல்லும் வழியில், தோட்டப் பாடசாலையொன்றில் சில ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தேன். அங்கே மாணவர் எல்லோரும் பன்சன் சுடரடுப்பை அழகாக வரைவார்கள். பாகங்களைப் பிழையின்றிக் குறிப்பார்கள். ஆனால் அவர்களுள் ஒருவர்கூட அதைக் கண்டதில்லை. பாடசாலையில் ஆய்கூடமே இல்லை.

ரொபேட் பன்சன் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர் 1852இல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1855இல் அங்கு எழுந்த புதிய ஆய்கூடத்துக்கு நிலக்கரி வாயு கிடைத்தது. ஒளி குறைந்து வெப்பம் மிகுந்த, புகையற்ற சுடரொன்று வேண்டுமென்று அவர் கேட்க, கருவியைச் செய்து கொடுத்தவர் பீட்டர் தெசாகா என்னும் தொழில்வினைஞர். பெயரோ பேராசிரியருக்குப் போயிற்று. அப்புத்தளையில் லிப்டன் அமர்ந்து பார்த்த குன்று இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. கீழே கொழுந்து கொய்தவர்களின் பெயரை யார் அறிவார்?

அது கிடக்கட்டும். கருவியின் நுட்பம் எளிது. எரியுமுன்னரே வாயு, குழாயின் அடித்துவாரத்தால் புகும் காற்றோடு கலந்துவிடுகிறது. துவாரத்தை மூடினால் சுடர் மஞ்சளாகிக் கரி கக்கும். திறந்தால் மங்கிய நீலமாகும். தனக்கென நிறம் அதிகமில்லாத அந்தச் சுடரிலேதான் பிற பொருள்களின் நிறம் துலங்கிற்று. அவ்வொளியை அரியத்தால் பிரித்து நோக்கிய பன்சனும் கிர்க்கொவ்வும் 1860இல் நீலக் கோடுகளால் சீசியத்தையும், 1861இல் செங்கோடுகளால் ருபீடியத்தையும் கண்டனர். இரண்டு பெயர்களும் இலத்தீன் நிறச்சொற்களிலிருந்து பிறந்தவை. இவ்வாறு கண்ணால் கண்டு பெயரிட்ட அறிவைத்தான் நம் பிள்ளைகள் கறுப்பு மையில் மனனம் செய்கிறார்கள்.

வீட்டு அடுப்பை வைத்தே கற்பிக்கலாமே என்பார் சிலர். நானும் கற்பித்தேன். மிலாறு புகையும் லயத்து அடுப்பில், அம்மா ஊதாங்குழலால் ஊதியதும் புகை அடங்கித் தீ எழுவது ஏன் என்று கேட்டேன். "காத்து உள்ளுக்குப் போகுது சேர்" என்றாள் ஒரு சிறுமி. வளித்துவாரத்தின் பொருள் அவளுக்கு அக்கணமே விளங்கிவிட்டது. ஆயினும், அடுப்பு அவளை அதற்கப்பால் அழைத்துச் செல்லாது. உப்பின் மஞ்சளையும் செம்பின் பச்சையையும் தெளிவாகக் காட்ட நிறமற்ற சுடரே வேண்டும். ஊதாங்குழலின் பெருமையைப் பேசி, ஆய்கூடம் அமைக்கும் கடமையை எவரும் தட்டிக்கழிக்கலாகாது.

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களில் பொறுப்பேற்றது. அரை நூற்றாண்டு என்பது ஓர் அறை கட்டுவதற்குப் போதாத காலமன்று. ஊவாவில் அருகருகே உள்ள நான்கைந்து பாடசாலைகளுக்குப் பொதுவாக ஓர் அறையும், ஒரு வாயுச் சிலிண்டரும், அதற்கேற்ற சில சுடரடுப்புகளும் தந்தால் போதும். அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.