குழந்தையே உரைகல்

ஆப்பிரிக்கா என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன பஞ்சமும் போரும் பாலைவனமுந்தான். 54 நாடுகள் கொண்ட ஒரு பெருங்கண்டத்தை ஒற்றைச் சோகப் படமாகச் சுருட்டி வைத்திருக்கிறோம். அக்கண்டத்தின் சிற்றூர்களில் குழந்தைகளைக் காக்கும் பணியில் சமயம் சார்ந்த அமைப்புகள் ஈடுபடுவதைப் பற்றிப் பேச்செழுந்தால், நம் மாணவரிடையே இரு குரல்கள் ஒலிக்கின்றன. “ஆள் சேர்க்கத்தான் இந்தத் தொண்டெல்லாம்” என்பது ஒரு குரல். “அரசு செய்யாததை ஆண்டவன் பெயரால் செய்கிறார்கள், குறை சொல்லாதீர்கள்” என்பது மறுகுரல். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சமய அமைப்பின் தொண்டை எடைபோட அதன் நிழலில் வளரும் குழந்தை நலமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பதே என் கருத்து.

ஜிம்பாப்வே நாட்டின் கிழக்கெல்லையிலுள்ள மனிக்கலாந்து மாகாணம் இதற்கு நல்ல சான்று. சமய நம்பிக்கையின் இரு முகங்களையும் அங்கே ஒருங்கே காணலாம்.

வீடு தேடி வந்த தொண்டு

1980இல் விடுதலை பெற்ற அந்நாட்டை அடுத்த பத்தாண்டுக்குள் எய்ட்ஸ் நோய் பற்றிக்கொண்டது. 1990களின் இறுதியில் வயது வந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் உடலில் அந்நோயின் கிருமி இருந்தது. பெற்றோரை இழந்த குழந்தைகள் பாட்டிமாரிடம் சென்றனர். பாட்டியும் இல்லாத வீட்டில் மூத்த பிள்ளையே தாயும் தந்தையும் ஆயிற்று.

அநாதை இல்லங்கள் கட்டலாமே என்று தோன்றும். ஆனால் ஊர் ஊராகப் பெருகும் துயருக்கு எத்தனை இல்லங்கள் கட்டுவது? இல்லத்திற்குப் போகும் குழந்தை உறவையும், ஊரையும், தந்தை உழுத நிலத்தின் மீதான உரிமையையும் இழந்துவிடுமே!

மாகாணத் தலைநகரான முத்தாரேயில் ஜெஃப் ஃபாஸ்டர் என்ற குழந்தை மருத்துவர் 1987இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1993இல் அது வேறொரு வழியைக் கைக்கொண்டது. சிற்றூர்த் திருச்சபைகளைச் சேர்ந்த பெண்களே தொண்டர்களாயினர். பெற்றோரற்ற குழந்தைகள் வாழும் வீடுகளைத் தேடிச் சென்று பார்ப்பது அவர்கள் வேலை. மிக நலிந்த வீடு எது என்று அவர்களே கண்டறிந்தனர். விதைச் சோளம், உரம், போர்வை, பள்ளிக் கட்டணம் என்று தேவையறிந்து உதவினர்.

பொருளியல் மாணவன் என்ற முறையில் இத்திட்டத்தின் சிக்கனம் என்னைக் கவர்கிறது. புதிய கட்டடம் வேண்டியதில்லை. பெருஞ்சம்பள அதிகாரியும் வேண்டியதில்லை. அடுத்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதை அறிய அண்டைவீட்டுப் பெண்ணுக்கு எந்தப் புள்ளிவிவரமும் தேவையில்லை. இது முற்றிலும் புதியதொரு கருத்துமன்று. ஊரார் கூடி உழும் பொதுவயலின் விளைச்சலைத் தலைவரின் களஞ்சியத்தில் சேர்த்து, ஏழை எளியவருக்கும் பெற்றோரற்ற பிள்ளைகளுக்கும் வழங்கும் மரபு ஷோனா மக்களிடம் முன்பே உண்டு. ‘சுந்தே ராமாம்போ’ என்பது அதன் பெயர்.

அதே மண்ணின் மறுமுகம்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2022 ஏப்ரலில் அதே மனிக்கலாந்தின் முத்தாசா வட்டத்தில் தட்டம்மை தலைகாட்டியது. சமயக் கூட்டங்களுக்குப் பின் அது நாடெங்கும் பரவியது. வெள்ளை அங்கி அணிந்து மரத்தடியில் வழிபடும் அப்போஸ்தலச் சபைகள் அந்நாட்டில் பல உள்ளன. அவற்றுள் சில பிரிவுகள் மருத்துவத்தை ஏற்பதில்லை; வழிபாட்டால் மட்டுமே நோய் தீரும் என்று போதிக்கின்றன. அவ்வாண்டில் மாண்ட குழந்தைகள் 700க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி பெறாதவர்கள். சில ஆண்டுகளல்ல, பல பத்தாண்டுகளாக உலகம் பயன்படுத்திவரும் ஊசி அது!

அச்சபைகளைச் சேர்ந்த தாய்மார் சிலர் இரவோடிரவாக, ஒருவருக்கும் தெரியாமல், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவ நிலையங்களுக்குச் சென்றனர். அவர்கள் இறைவனைத் துறந்தவர்கள் என்று யார் சொல்ல முடியும்? தலைவர்கள் மறந்த கடமையை அத்தாய்மார் இருளில் நின்று ஆற்றினர் என்றே நான் சொல்வேன்.

பூட்டியவர் கையிலேயே திறவுகோல்

அப்படியானால் சமயத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுப் பணியாற்றலாமா? நைஜீரியாவின் அனுபவம் வேறு பாடம் புகட்டுகிறது. 2003இல் அந்நாட்டின் வடமாநிலங்கள் சில போலியோச் சொட்டு மருந்தை நிறுத்தின. அது பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற ஐயத்தைச் சமயத் தலைவர்கள் சிலரே பரப்பினர். ஐயம் வேரூன்ற ஒரு பழைய வடுவும் இருந்தது. 1996இல் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது வெளிநாட்டு மருந்து நிறுவனமொன்று 200 குழந்தைகளிடம் நடத்திய சோதனையில் 11 பேர் இறந்தனர். மருந்தால் இறந்தனரா நோயால் இறந்தனரா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

2004இல், முஸ்லிம் நாடான இந்தோனேசியாவின் மருந்தை ஏற்று, கானோ மாநிலம் மீண்டும் பணியைத் தொடங்கியது. அதற்குள் கிருமி எல்லைகளைக் கடந்து பல நாடுகளுக்குச் சென்றுவிட்டது. பின்னர்ச் சொக்கோட்டோ சுல்தானும் அமீர்களும் முன்னின்றனர். 2009இல் அடிப்படைச் சுகாதாரத்திற்கென வடபகுதி மரபுவழித் தலைவர்களின் குழு அமைந்தது. தலைவர்கள் சொன்னபின் திறக்காத கதவுகளும் திறந்தன. 2020 ஆகஸ்டு 25 அன்று ஆப்பிரிக்க வட்டாரம் இயற்கைப் போலியோக் கிருமியினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. முதலாவது, குழந்தையின் எடை, தடுப்பூசி, பள்ளி வருகை ஆகியவையே சமயத் தொண்டின் கணக்கேட்டில் முதற்பக்கத்தில் நிற்கவேண்டும். இரண்டாவது, உதவி கேட்கும் பிள்ளையிடம் எந்தச் சபை, எந்த மதம் என்ற கேள்வி எழக்கூடாது. மூன்றாவது, தொண்டர்களைக் காட்டி அரசு தன் கடமையைக் கைகழுவக்கூடாது. வீடு தேடிச் செல்லும் பெண் நோயுற்ற குழந்தையைக் கண்டறிவாள். ஆனால் அவள் தூக்கிச் செல்லும் வழியில் மருத்துவ நிலையமும், அங்கே மருந்தும், செவிலியரும் இருக்கச் செய்வது அரசின் பொறுப்பு.

நாளை நம்மில் பலர் ஆசிரியராக, அதிகாரியாக, மருத்துவப் பணியாளராகச் சிற்றூர்களுக்குச் செல்லவிருக்கிறோம். அங்கே மக்களின் நம்பிக்கையை எள்ளி நகையாடினால் கதவுகள் அடைபடும். கண்ணை மூடிப் பணிந்தால் குழந்தைகள் மடிவர். நண்பர்களே, நம்பிக்கையை மதிப்போம். ஆனால் அதன் கணக்கைக் குழந்தையின் முகத்தில் படிக்கப் பழகுவோம்!