முதல் பிரசவத்தின் காகிதத்தை யாராவது கேட்டீர்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஷிப்ட் முடிந்து வந்து நிதானமாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். வகுப்பில் வருஷக்கணக்காக உங்களைத் திட்டியவள்தானே, இன்னும் ஒரு தடவை திட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது.

நம் மூக்கண்டப்பள்ளியில், சிப்காட்டைச் சுற்றியுள்ள இந்த வாடகை வீடுகளில், ஒரே பெண்ணிடம் ஒரே வாரத்தில் இரண்டு விதமாகப் பேசுகிறோம். கல்யாண வீட்டில் பார்த்தால், "ஒத்தப் புள்ளையா விட்டுடாதம்மா, நாளைக்கு அதுக்குன்னு யார் இருக்கா?" அவளே அதற்காக டாக்டரிடம் போகிறாள் என்று காதில் விழுந்தால், "ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்ல, எதுக்கு இவ்வளவு செலவு?" இரண்டையும் சொல்வது பெரும்பாலும் ஒரே வாய்தான். நடுவில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. "முதல் பிரசவத்துல உனக்கு என்னம்மா ஆச்சு?"

இதை எழுத வைத்தது என் மாணவி ஒருத்தி. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யார், எந்த ஆஸ்பத்திரி என்று கமெண்டில் துருவ வேண்டாம், சொல்ல மாட்டேன். முதல் கர்ப்பத்தில் எட்டாம் மாதம் பிரஷர் எகிறி, ராத்திரியோடு ராத்திரியாக சிசேரியன். பதினைந்து நாள் கழித்து ரத்தப்போக்கு. உள்ளே தங்கிப்போன நஞ்சுக்கொடித் துணுக்கைச் சுரண்டி எடுத்து, ரத்தம் ஏற்றி, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. மூன்று வருஷமாக இரண்டாவதற்கு முயற்சி. போன இடத்தில் பத்து நிமிஷத்தில் ஐ.வி.எஃப். பேக்கேஜ் விலையும் மாதத் தவணையும் சொல்லியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்கவில்லை. கணவனுக்கு ஒரு டெஸ்ட் எழுதவில்லை. பிறகு வேறொரு டாக்டரம்மா கேமரா வைத்துப் பார்த்தபோதுதான், அன்று சுரண்டிய இடத்தில் கர்ப்பப்பையின் உள்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பது தெரிந்தது. ஒட்டிக்கிடக்கிற பையில் எத்தனை லட்சம் கொட்டிக் கருவை வைத்தாலும் எங்கே தங்கும்?

பாடம் நடத்தாமல் என்னால் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை பெற்ற பிறகு அடுத்தது தங்காமல் போவதற்கு இரண்டாம் நிலைக் குழந்தையின்மை என்று பெயர். கற்பனையோ திமிரோ கிடையாது, மருத்துவப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். உலகத்தில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. ஏற்கெனவே ஒன்று பெற்றவர்களும் அதில் உண்டு.

காரணத்தைப் பல நேரம் முதல் பிரசவத்திலேயே தேடலாம். பிரசவத்துக்குப் பின் கிருமி ஏறி, கருக்குழாய் அடைத்திருக்கலாம். சிசேரியன் தையல் போட்ட இடத்தில் சின்னப் பள்ளம் விழுந்து அங்கே ரத்தம் தேங்கலாம். சுரண்டிய இடம் ஒட்டிக்கொள்ளலாம். அளவுக்கு மீறி ரத்தம் போனால் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியே பழுதாகலாம். அதற்கு ஷீஹன் நோய் என்று பெயர். அப்படிப்பட்டவளுக்குப் பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, எப்போதும் அசதி. "சோம்பேறி, பால் குடுக்கக்கூடத் துப்பில்லை" என்று வீட்டில் பேச்சு வாங்குவாள். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து மாத்திரையால் சமாளிக்கக்கூடிய நோய் அது.

ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. சில ஒட்டல்களைக் கேமரா வழியாகவே பிரித்துவிடலாம். குழாய் அடைப்புக்கு ஐ.வி.எஃப். நல்ல வழிதான். எதுவுமே பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பேக்கேஜ் என்றால் அது வைத்தியமா, ஆடித் தள்ளுபடியா? 2021-ல் வந்த கருத்தரிப்புச் சிகிச்சை ஒழுங்குமுறைச் சட்டமே, வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, இரட்டைக் குழந்தை உண்டாகும் ஆபத்து எல்லாவற்றையும் மையங்கள் தம்பதிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு பாதி இருக்கிறது. அதைத்தான் மாமியார்மார்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். கரு தங்கிவிட்டால் கதை முடிந்துவிடாது. முதல் தடவை பிரஷர் ஏறியவளுக்கு மறுபடியும் ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஐ.வி.எஃப். கர்ப்பத்தில் அந்த வாய்ப்பு இன்னும் கூடுகிறது. இரட்டை என்றால் அதற்கும் மேலே. "ஒரே செலவுல ரெண்டு" என்று குஷியாகப் பேசுகிறீர்களே, ஏற்கெனவே ஒரு முறை சாவைத் தொட்டுவிட்டு வந்த உடம்புக்கு அது பரிசு கிடையாது. பழைய சிசேரியன் தழும்பின் மேலேயே நஞ்சுக்கொடி வேர் பிடித்துவிட்டால், பிரிக்கும்போது ரத்தம் ஆறாக ஓடும். கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியும் வரலாம்.

நம் மாநிலத்தில் இது நாலு பேர் பிரச்சினை இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் மட்டும் 63.8 சதவீதம். இந்திய சராசரி 21.5. அப்படியானால் இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படும் நம் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் தழும்போடுதான் வருகிறார்கள். அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்காமல் நாள் குறிக்கிறோம்!

முன்கூட்டியே தெரிந்தால் செய்யக்கூடியது நிறைய. பிரஷரையும் சர்க்கரையையும் முதலில் கட்டுக்குள் கொண்டுவரலாம். ஆபத்து அதிகம் உள்ளவளுக்கு மூன்று, நான்காம் மாதத்திலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கலாம் (டாக்டர் சொன்னால் மட்டும், பக்கத்து வீட்டு அக்கா சொல்லி அல்ல). ஒரே ஒரு கருவை மட்டும் வைக்கச் சொல்லலாம். ரத்த வங்கியும் ஐ.சி.யூ.வும் பச்சிளம் குழந்தைப் பிரிவும் உள்ள ஆஸ்பத்திரியை முதலிலேயே முடிவு செய்யலாம். அல்லது, எல்லாம் தெரிந்துகொண்டு "வேண்டாம்" என்றும் அவள் முடிவெடுக்கலாம். அதுவும் முழுமையான முடிவுதான்.

"அப்போ டீச்சர், ஒண்ணே போதும்னு சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978-ல் பிறந்தார். பொது அறிவுக் கேள்வியாக எல்லாரும் மனப்பாடம் செய்தது. அவர் அம்மா லெஸ்லி அதோடு நிற்கவில்லை. 1982-ல் அதே முறையில் நடாலி என்ற இரண்டாவது மகளையும் பெற்றார். அந்தத் தாய்க்கு இருந்த ஆசை நம் சிப்காட் பெண்ணுக்கு இருந்தால் மட்டும் பேராசையா?

மேடையில் என்ன பேசுகிறார்கள் என்றும் பாருங்கள். 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடு அதிகம் பெற்றுக்கொள்ளச் சொன்னார். அதே மாதம் சென்னையில் ஒரு திருமண விழாவில் அப்போது முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின், தொகுதிக் கணக்கைச் சொல்லி, பதினாறு பிள்ளை பற்றி யோசிக்க வேண்டி வருமோ என்ற பொருளில் பேசினார். பெற்றுக்கொள்ளச் சொல்வது சுலபம் ஐயா. ஓசூர்ப் பெண்ணுக்கு என்ன வசதி? எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசே கருத்தரிப்பு மையம் வைத்திருக்கிறது, பாராட்டுகிறேன். ஆனால் அது இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது, அங்கே போனால் தனியார் பில். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எழும்பூர் போய் வந்தால் காண்ட்ராக்ட் வேலை மிஞ்சுமா? கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் அப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று நாம் ஏன் கேட்கக் கூடாது?

விடுப்பு விஷயம் இதைவிட வேடிக்கை. பேறுகால விடுப்பை 2017-ல் இரண்டு குழந்தை வரைக்கும் 26 வாரமாக்கினார்கள், நல்லது. கருக்கலைந்தால் 6 வாரம் உண்டு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு 2 வாரம் உண்டு. பிள்ளை வேண்டும் என்று சிகிச்சைக்குப் போகிறவளுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. கம்பெனிகளில் எச்.ஆராக உட்கார்ந்திருக்கும் என் மாணவர்களே, ஸ்கேன் நாளில் அரை நாள் கொடுங்கள். காரணத்தை லைனில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள்.

பிரசவத்தில் கர்ப்பப்பையே போய்விட்டவளின் நிலை இன்னும் மோசம். 2021 வாடகைத் தாய்ச் சட்டம், உயிரோடு ஒரு குழந்தை இருந்தால் அந்த வழியே கிடையாது என்கிறது. அந்தக் குழந்தைக்கு ஊனமோ உயிருக்கு ஆபத்தான நோயோ இருந்தால் மட்டும் விலக்கு. சொந்தக்காரர்களின் "ஒண்ணு இருக்குல்ல" என்ற பேச்சைச் சட்டமும் பேசுகிறது! இந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். தத்தெடுக்கும் வழி அவளுக்குத் திறந்தே இருக்கிறது. ஒரு குழந்தை இருப்பது அதற்குத் தடையில்லை.

ஆண் பிள்ளைகளே, நழுவ வேண்டாம். "எனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு பொறந்திருக்கே" என்பது மெடிக்கல் ரிப்போர்ட் ஆகாது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது. ஆறு வருஷத்தில் உன் வயது ஏறியிருக்கிறது, சர்க்கரை வந்திருக்கலாம், புகையிலையும் குடியும் சேர்ந்திருக்கலாம். அவளுக்குக் கேமரா, ஊசி, மயக்க மருந்து. உனக்கு ஒரே ஒரு விந்துப் பரிசோதனை, ஊசிகூடக் கிடையாது. முதலில் நீ போ.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். டாக்டர்கள் உள்நோயாளியின் பதிவேட்டை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002 மருத்துவ கவுன்சில் விதி சொல்கிறது. மூன்று வருஷம் தாண்டினால் ஆஸ்பத்திரியில் கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை. இரண்டாவதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு தொடங்குவதே அதற்குப் பிறகுதான். எனவே இன்றைக்கே பீரோவைத் திறந்து டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், பிக்மி நம்பர் உள்ள கர்ப்பிணி அட்டை எல்லாவற்றையும் எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள், போனில் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்திருந்தால், மூன்று வருஷம் ஆகியிருக்காவிட்டால், நாளைக்கே எழுதிக் கேளுங்கள்.

சொந்தபந்தங்களுக்கு வீட்டுப்பாடம் இன்னும் சின்னது. அடுத்த விசேஷத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தால், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.