தனிமைக்கு மாத்திரையா என்று கேட்பவர்களுக்கு

தாம்பரம் ஃபிளாட்டில் தனித்திருக்கும் முதியவருக்குப் பேச ஆள்தான் வேண்டும், மாத்திரை எதற்கு என்கிறார்கள். ஆள் வேண்டும்தான். ஆனால் சோறு இறங்காமல், விடியற்காலை 3 மணிக்கே விழித்து, குளிக்கவும் மனமில்லாமல் வாரக்கணக்கில் கிடப்பவருக்கு ஆள் மட்டும் போதாது, அது மனச்சோர்வு என்ற நோய். கோவாவில் 60 வயது கடந்தவர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, ஆலோசனையால் மனச்சோர்வு வராமல் தடுக்கலாம் என்றுதான் காட்டியது. முற்றிய நோயை ஆற்றியதாக அல்ல.

பக்கவிளைவு? உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம், பிரஷருக்கு நீர்மாத்திரை எடுப்பவருக்கு இன்னும் கூடுதலாக. அதற்குத்தான் குறைந்த அளவில் தொடங்கி, சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். பலன் தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும். பத்து நாளில் நிறுத்திவிட்டு மருந்தைக் குறைசொல்வது அநியாயம். 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அப்படி வருபவர் முதியவரின் தூக்கத்தையும் பசியையும் விசாரிக்கட்டும்.