ஓசூர் வண்டிக்கு வயது போதாதாம்

1980-இல் ஓசூர் ஆலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. இருவர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. நான்கு ஆண்டு கழித்து, 1984-இல், அதே ஊரிலிருந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100 வந்தது. ஜப்பானியக் கூட்டுறவில் இந்தியச் சாலைக்கு வந்த முதல் 100 சிசி பைக் இதுதான். ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 எல்லாம் அடுத்த ஆண்டுதான் வந்தன. அப்போது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை அப்படித்தான். ஆகவே, ஊர் ஊராகப் பால்கேனும் காய்கறி மூட்டையும் சுமந்த அந்த வண்டிகளைத் தங்கள் மண்ணின் சரக்கு என்று சொல்லிக்கொள்ளத் தருமபுரிக்காரர்களுக்கு முழு உரிமை உண்டு. சொல்லிக்கொள்பவர்தான் அதிகம் இல்லை.

பழைய பைக்கை வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிக்கும் ஆசை இப்போது சிற்றூர்கள் வரை பரவிவிட்டது. திருவொற்றியூரில் ஐம்பதுகளிலிருந்து தயாரான புல்லட்டுக்கு ரசிகர் பட்டாளம் இருக்கிறது. மைசூரில் 1961 முதல் 1996 வரை உருவான ஜாவா, யெஸ்டிக்கு ஆண்டுதோறும் ஜூலையில் தனியாக ஒரு நாளே கொண்டாடுகிறார்கள். ஆர்எக்ஸ் 100-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புதிய பைக் விலையைக் கேட்டு வாங்கும் அளவுக்கு அதன் மவுசு ஏறிவிட்டது. ஓசூரில் பிறந்த வண்டிகளுக்கோ அந்த யோகம் வாய்க்கவில்லை. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் கோணிச் சாக்கு போர்த்திக் கிடந்துவிட்டு, ஒருநாள் எடைக்கு எடை பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

அப்படி ஒரு வண்டியைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் செய்யும் வேலை, பெரும்பாலும் பெயிண்ட் அடிப்பது. டேங்க் பளபளக்கும், சைலன்சர் குரோம் மின்னும், படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியாகிவிடும். இரண்டே வாரத்தில் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். நின்றதற்குக் காரணம், கையளவுகூட இல்லாத இரண்டு ரப்பர் வளையங்களாக இருக்கும்.

இந்த வண்டிகளின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நேராக சிலிண்டருக்குள் போவதில்லை. முதலில் கிராங்க் இருக்கும் அறைக்குள் வரும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அங்கே அழுந்தி, பக்கவாட்டு வழிகளில் மேலே ஏறும். அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். கிராங்கின் இரு முனையிலும் இருக்கும் ஆயில் சீல்தான் அதற்குக் காவல். பதினைந்து ஆண்டு சும்மா நின்ற வண்டியில் அந்த ரப்பர் காய்ந்து விறைத்திருக்கும். மேக்னெட்டோ பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை நீர்த்துப்போகும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் தானாகவே உறுமும், சூடேறும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜினே உறிஞ்சிக் குடித்து வெள்ளைப் புகையாகத் தள்ளும். சீல் விலை சில நூறு ரூபாய்தான். அதை மாற்றாமல் ஓட்டிவிட்டால் ரீபோர், புது பிஸ்டன், லேத் பட்டறை என்று செலவு ஆயிரக்கணக்கில் ஏறும். தவிர, பிஸ்டன் அளவைக் கால் மில்லிமீட்டர் கணக்கில்தான் கூட்டிக்கொண்டே போக முடியும். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் சிலிண்டருக்கு ஸ்லீவ் போட வேண்டியதுதான்.

பிடித்துப்போன பிஸ்டனை உதைத்து இளக்க முயல்வதும் வழக்கமான தவறு. பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசல் ஊற்றி, நாலைந்து நாள் ஊறவிட்டு, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பல வண்டிகள் தாமாகவே இளகிவிடும். பொறுமை இல்லாதவர் உடைப்பது கிக்கரை மட்டும் அல்ல, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தையும்தான்.

டேங்க் துருவுக்கு மருந்து தருமபுரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது: புளி. பித்தளைக் குடத்தை மினுக்கும் அதே அமிலம் இரும்புத் துருவையும் கரைக்கும். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு, கெட்டியான புளிக்கரைசலை டேங்க் நிறைய ஊற்றி ஓரிரு நாள் வைக்க வேண்டும். பிறகு ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் செம்மண் குழம்பு மாதிரி துரு இறங்கும். சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, 2டி ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிச் சுற்றிலும் படியவிட வேண்டும். ஈரத்தோடு ஓர் இரவு விட்டால், மறுநாள் காலை துரு மறுபடி பூத்திருக்கும். ஓட்டை விழுந்த டேங்குக்கு மட்டும் வீட்டில் வெல்டிங் கூடவே கூடாது. பெட்ரோல் காலியாகி மாதக்கணக்கானாலும் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். அந்த வேலை தெரிந்த பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் ஊதிக் கெடுக்கும். எத்தனால் கலப்பைக் கனவில்கூட நினைக்காத காலத்தில் செய்தவை ஓசூர் வண்டிகள். குழாய், கேஸ்கெட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுவதும், ஓட்டாமல் நிறுத்தும்போது கார்பரேட்டரை வடித்துவிடுவதும் இன்று கட்டாயம்.

இனி, ஆசைப்படி மாற்றி அமைப்பது. சேஸின் வாலை வெட்டி கஃபே ரேசர் ஆக்குவது, வேறு வண்டி இன்ஜினைப் பூட்டுவது, சைலன்சரைக் குடைந்து ஊரை எழுப்புவது எல்லாம் காணொளியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம்; ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. வண்டியின் நிறத்தை மாற்றினால்கூட ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒருமுறை வெட்டிய சேஸை யாராலும் திரும்பப் பெற முடியாது. ஸ்பேனரால் மாட்டி ஸ்பேனரால் கழற்றக்கூடியதை மட்டும் மாற்றுவது நல்லது: ஹேண்டில்பார், சீட் உறை, கண்ணாடி. கழற்றிய பழைய பாகத்தையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சரி, வெட்டாமல் கொள்ளாமல், அசல் மாறாமல் ஒருவர் ஏஎக்ஸ் 100-ஐப் புதுப்பித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். சட்டத்தின் கண்ணில் அது என்ன? 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனி நம்பர், பத்தாண்டுக்குச் செல்லும் பதிவு, முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுதுபார்க்கவும் ஓட்ட அனுமதி. நல்ல விதிதான். ஆனால் வண்டிக்கு 50 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் முதல் டி.வி.எஸ். 50-க்கு 2030 வரை காத்திருக்க வேண்டும். முதல் ஏஎக்ஸ் 100-க்கு 2034 வரை. அதுவரை அது வெறும் பழைய வண்டி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; 20 ஆண்டைத் தாண்டிய பைக்குக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆனது. 2022-க்கு முன்பு 300 ரூபாய்தான் இருந்தது. போதாததற்கு மாநிலத்தின் பசுமை வரி. தாத்தா பெயரிலேயே ஆர்.சி. கிடந்து, வாரிசுச் சான்று வாங்கி, நம்பர் தேய்ந்த சேஸோடு தருமபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நிற்பவருக்கு, காயலான் கடைக்காரர் கொடுக்கும் ரொக்கமே மேல் என்று தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

உலக அளவில் பழைய வாகனங்களுக்கான கூட்டமைப்பான ஃபீவா வைத்திருக்கும் வரையறை 30 ஆண்டு. வண்டி அசல் நிலையில் பேணப்பட்டிருக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படக் கூடாது என்பவை மற்ற நிபந்தனைகள். இந்தியாவுக்கு அந்த எண்ணே பொருத்தம். இங்கே பெருவாரியான மக்கள் பைக் வாங்கத் தொடங்கியதே எண்பதுகளில்தான். 50 ஆண்டு என்ற கோடு அரண்மனைக் கார்களையும் பணக்காரர் வீட்டு புல்லட்டையும் காப்பாற்றும். பால்காரரின் மொபெட்டை விட்டுவிடும்.

டூ ஸ்ட்ரோக் புகைக்கு வக்காலத்தா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. எரியாத பெட்ரோலையும் ஆயிலையும் சேர்த்துக் கக்கும் இன்ஜின் அது. அதனால்தான் 2000-க்குப் பிறகு கடுமையான புகை விதிகள் அதை வரிசையாக வெளியேற்றின. தினமும் சந்தைக்கும் பள்ளிக்கும் அது ஓட வேண்டாம். அதற்காகத்தான் கண்காட்சி, பேரணி என்று ஓட்டத்தையே கட்டுப்படுத்தும் 'வி.ஏ.' வகையில் அதைச் சேர்க்கச் சொல்வது. இப்போதுள்ள ஏற்பாட்டில் தகுதிச் சான்று (எஃப்.சி.) வாங்கிவிட்டால் அதே வண்டியை எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாவட்டத்திலேயே செய்யக்கூடியதும் இருக்கிறது. தருமபுரி அரசு ஐ.டி.ஐ. மாணவர்களும் செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர்களும் ஆண்டுக்கு ஒரு பழைய ஓசூர் வண்டியை எடுத்துப் பிரித்து மாட்டினால், பாயிண்ட் செட்டும் மேக்னெட்டோவும் தெரிந்த மூத்த மெக்கானிக்குகளின் கைவேலை அடுத்த தலைமுறைக்குப் போகும். அவர்களைப் பகுதிநேர ஆசிரியர்களாக அழைக்கத் தயங்க வேண்டியதில்லை. முடிந்த வண்டியை நடுகற்களுக்குப் பேர்போன தருமபுரி அருங்காட்சியகத்தில் நிறுத்தலாம்.

வயது வரம்பைக் குறைப்பது டெல்லியின் கையில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு தொகுதி எம்.பி.க்களும் இதைச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். மாநிலப் போக்குவரத்துத் துறையும் 30 ஆண்டு தாண்டி அசல் மாறாமல் இருக்கும் வண்டிக்குப் பசுமை வரியிலிருந்து விலக்கு தரட்டும். அதுவரை, கொட்டகையில் ஓசூர் வண்டி கிடக்கும் வீட்டார் அதை எடைக்குப் போடும் முன், பீரோவில் அதன் ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.