தலைகீழாய்த் தொங்கும் தக்காளி

தக்காளி விலை ஏறினால் முதலில் இளைப்பது மாதச் சம்பளக்காரர் வீட்டு ரசம்தான். 2023 ஜூலையில் பல நகரங்களில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தொட்டது. மத்திய அரசே கூட்டுறவு அமைப்புகள் மூலம் டில்லி முதலிய இடங்களில் 90 ரூபாய்க்கும், பிறகு 80, 70 ரூபாய்க்கும் விற்க நேர்ந்தது.

அத்தகைய நாட்களில், "வீட்டிலேயே விளைத்தால் என்ன?" என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பத்துக்குப் பத்து அறையில் குடித்தனம் நடத்துவோருக்கு மண் ஏது, இடம் ஏது? தரையில் இல்லாத இடம் அந்தரத்தில் உண்டு என்கிறது ஒரு முறை. செடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வளர்ப்பதுதான் அது. அமெரிக்காவில் தொலைக்காட்சி விளம்பரங்களால் பெயர் பெற்ற முறை.

இது விவசாயமா, வேடிக்கையா?

செய்முறை எளிது. வாளியின் அடியில் இரண்டு அங்குலத் துளையிட்டு, நாற்றின் தலை வெளியே தொங்கும்படி நுழைத்து, கிழிந்த துணியால் துளையை அடைத்து, மண்ணும் தொழு உரமும் நிரப்ப வேண்டும். கொம்பு நட்டுக் கட்டும் வேலை மிச்சம். மண்ணிலிருந்து இலைக்குத் தெறிக்கும் நோய்களும் குறையும்.

குறைகளும் உண்டு. தொங்கும் வாளி விரைவில் காயும். தினமும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். வடியும் நீர் இலையை நனைத்தால் பூஞ்சண நோய் வரும். செடியும் சும்மா தொங்குவதில்லை. ஒளியை நாடித் தண்டு மேல்நோக்கி வளையும்; காய்ப்பாரம் ஏறினால் வளைந்த இடத்தில் முறிவதும் உண்டு. ஆகவே சிறு பழ ரகமே ஏற்றது. மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் இந்தச் சிரமமே வேண்டாம். அவற்றின் தண்டு தானே நிமிர்ந்து நிற்கும். ஜன்னலோரம் ஒரு பழைய எண்ணெய் டின் போதும்.

பருவமும் பார்க்க வேண்டும். மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான அடைமழை தக்காளிக்கு ஆகாது. கோடை வெப்பத்தில் பூ உதிரும். மழை ஓய்ந்து அக்டோபரில் நட்டால் குளிர்காலத்தில் காய் பறிக்கலாம். அதற்கும் தினம் ஆறு மணி நேர வெயில் வேண்டும். வெயில் எட்டாத கேலரியில் தொங்கவிட்டால் இலைதான் மிஞ்சும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பாரம். 20 லிட்டர் வாளியில் மண்ணும் நீரும் சேர்ந்தால் எடை 25 கிலோவைத் தாண்டும். மும்பையின் பழைய கட்டடங்களின் நிலை ஊரறிந்தது. 2019 ஜூலையில் டோங்கிரியில் ஒன்று இடிந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காரை பெயரும் கூரையில் கொக்கி அடித்து வாளி மாட்டுவது, கீழே விளையாடும் குழந்தையின் தலைமேல் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதற்குச் சமம். தேங்காய் நார்த்தூளைப் பாதிக்குப் பாதி கலந்த 10 லிட்டர் வாளி போதும். அதையும் உறுதியான சுவரில் பதித்த இரும்புத் தாங்கியில்தான் மாட்ட வேண்டும். கேலரி பொதுவழி, பக்கத்துக் குடித்தனக்காரரைக் கேட்டுச் செய்வதே முறை. வடியும் நீருக்கு வைத்த தட்டைத் தினமும் கவிழ்க்காவிட்டால் தக்காளிக்கு முன்னே டெங்குக் கொசு விளையும்.

ஒரு செடி தரும் சில கிலோ பழம் மார்க்கெட் செலவை ஒழித்துவிடாது. அதற்காக விலை கொடுத்து விளம்பரப் பை வாங்குவது வீண். ஓட்டை வாளியில், வீட்டு மக்கிய உரத்தில் முயல்வது நல்லது. திருநெல்வேலிச் சீமையில் கொல்லையும் கிணறும் கண்டு வளர்ந்தவர்களின் பேரப் பிள்ளைகள், காய் பழுப்பதைக் கண்ணால் காண்பதும் ஒரு லாபமே. ஆனால் அந்த லாபத்துக்கு அடுத்தவர் தலை விலையாகக் கூடாது.