வெட்டு தொடங்கிய பின் வந்த விலை

நெல்லுக்கான உத்தரவாத விலை ஒருவாறு 2025 பெப்ரவரி 5ஆம் திகதி வெளிவந்துவிட்டது. நாட்டு நெல் கிலோ 120 ரூபாய், சம்பா 125, கீரிச்சம்பா 132. செலவுக்கு இது கட்டுமா என்பது தனியாகப் பேசவேண்டிய விடயம். எமது கோபம் தொகையைப் பற்றியதல்ல, திகதியைப் பற்றியது. பொங்கல் கழிந்த கையோடு மட்டக்களப்பு வயல்களில் வெட்டு மெசின்கள் இறங்கிவிட்டன. விலை வந்து சேர்ந்தபோது, முந்தி விதைத்தவர்களின் நெல் ஏற்கெனவே லொறியேறிப் போயிருந்தது.

அறுவடை திடீரென்று வந்து நிற்பதில்லை. பெரும்போகத்துக்கு முன்னர் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் ஆகிய குளங்களின் கீழுள்ள வயல்களுக்கு விதைப்புத் திகதியும் நீர் விடும் திகதியும் அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றன. விதைப்பது மூன்று மாத நெல்லா, மூன்றரை மாத நெல்லா என்பதும் தெரியும். ஒக்டோபரில் விதைத்த வட்டையில் எந்தக் கிழமை வெட்டு விழும் என்று வயல்களைப் பார்க்கும் வட்டவிதானையிடம் கேட்டால் சொல்லிவிடுவார். கமநல சேவை நிலையத்துக் கோப்பிலும் அது இருக்கிறது. தெரியாதவர்கள், அல்லது தெரிந்தும் பொருட்படுத்தாதவர்கள், விலையைத் தீர்மானிப்பவர்கள் மட்டுமே. அநுராதபுரமும் பொலன்னறுவையும் வெட்டத் தொடங்கும் காலத்தையே அவர்கள் நாட்டின் அறுவடைக் காலமாகக் கொள்கிறார்கள். கிழக்கு அதற்கு முன்பே வெட்டத் தொடங்கிவிடுவது அவர்கள் கணக்கில் ஏறுவதேயில்லை.

இந்தத் தாமதத்தின் விலையை மட்டக்களப்பின் படுவான்கரையில் போய்ப் பார்க்கவேண்டும். மெசினிலிருந்து கொட்டுவது பச்சை நெல். அரச களஞ்சியம் கேட்பதோ 14 சதவீதத்துக்கு மேற்படாத ஈரப்பதன். காயவைக்கத் தளம் இல்லாதவன் தார் வீதியோரம் படங்கை விரித்து நெல்லைப் பரப்பி, வானத்தைப் பார்த்துக்கொண்டு காவல் இருக்கிறான். ஒரு மழை போதும், படங்கோடு அள்ளி மூடவேண்டும். மூடி வைத்த ஈர நெல் இரவோடு இரவாகச் சூடேறும், நிறம் மாறும். மறுநாள் வியாபாரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு விலையை இறக்குவார். மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்று தராசடியிலும் வெட்டுவார். பக்கத்தில் மெசின்காரன் கூலிக்கு நிற்கிறான். உரக்கடைக் கடனுக்குத் தவணை வந்துவிட்டது. மனைவியின் சங்கிலி அடகில் இருக்கிறது. அரசாங்கம் இன்ன விலைக்கு இன்ன நாளிலிருந்து எடுக்கும் என்ற ஒரு சொல் அன்று இருந்திருந்தால், அவன் நாலு நாள் பொறுத்திருப்பான். குறைந்தபட்சம் வியாபாரியிடம் வாதாடவாவது அது உதவியிருக்கும். அந்தச் சொல் இல்லாததால் வயல் வரம்பிலேயே வந்த விலைக்குக் கொடுத்தான். பிந்தி வந்த 120 ரூபாயால் பயன் பெறப் போகிறவர் யார்? நெல்லை வாங்கி அடுக்கிவைத்தவர்தான்.

குத்தகைக்குச் செய்பவனின் நிலை இன்னும் மோசம். காணிப் பத்திரம் உரிமையாளர் பெயரில் இருக்கும். வியர்வை இவனுடையது. களஞ்சியம் திறந்த பின்னும் பத்திரத்துக்காக அவன் எத்தனை வாசல் ஏறி இறங்கவேண்டும்!

வேகமாகத் தீர்மானம் எடுக்க விலையைத் தீர்மானிப்பவர்களுக்குத் தெரியாது என்று எவரும் சொல்லமுடியாது. 2024 டிசம்பரில் நகரங்களில் நாட்டரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. உடனே இறக்குமதிக்கு வழி திறந்தது. இறக்குமதிக்கு டிசம்பர் 20 என்றிருந்த எல்லை ஜனவரி 10 வரை நீட்டப்பட்டது. கடையில் விற்கும் நாட்டரிசிக்கு 230 ரூபாய் என்று வர்த்தமானியும் வந்தது. அதில் எமக்குக் குறையில்லை, அரிசி வாங்கிச் சாப்பிடுபவர்களில் எமது மக்களும் உண்டு. ஆனால் அரிசிக்கு டிசம்பரில் விலை வைக்க முடிந்தவர்களுக்கு, அந்த அரிசியைத் தரும் நெல்லுக்கு விலை வைக்கப் பெப்ரவரி வரை ஏன் பிடித்தது? 2024 நவம்பர் வெள்ளத்தில் முளைத்த பயிரை இழந்து, அதற்குள்ளும் மிஞ்சியதைக் காப்பாற்றியவனுக்கு இதுவா பதில்?

ஆட்சிகள் மாறியிருக்கின்றன. கோப்பு நகரும் மேசைகள் மாறவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் நிறுத்தினார்கள். பயிர் மஞ்சளாகிறது என்று இங்கிருந்து எழுந்த குரல் எவர் காதிலும் ஏறவில்லை. தடை நவம்பர் இறுதியில் நீங்கியபோது கிழக்கில் விதைப்புக் காலம் கடந்துவிட்டிருந்தது. 2015இல் வாங்கிய நெல்லை வைக்க இடமில்லாமல், விமானம் அரிதாகவே வந்த மத்தள விமான நிலையத்தில் கொண்டுபோய் அடுக்கினார்கள். விளைச்சல் பெருகும் என்பது அறுவடைக்கு முன்பே தெரிந்தும் களஞ்சியத்தைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் சேதி வயலிலிருந்து கொழும்புக்குப் போகிறது. பதில் திரும்பி வருவதற்குள் போகம் முடிந்துவிடுகிறது. அந்த இடைவெளி எத்தனை நாள் என்று எந்த அதிகாரியாவது எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? இத்தனை மெட்ரிக் தொன் வாங்கினோம் என்று அறிக்கை வாசிக்கிறார்கள். முதல் கதிர் வெட்டிய நாளுக்கும் முதல் மூடை வாங்கிய நாளுக்கும் இடையில் கழிந்த நாட்களை எந்த அறிக்கையிலும் காணோம்.

செய்யமுடியாத காரியமல்ல இது. பாக்கு நீரிணைக்கு அப்பால், இந்திய மத்திய அரசு 2024 பருவத்து நெல்லுக்கான ஆதார விலையை ஜூன் மாதமே அறிவித்துவிட்டது. காவிரி டெல்டாவில் குறுவை முந்தி விளைகிறது என்பதற்காக, ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்கிவந்த கொள்முதலை 2022இல் செப்டம்பர் முதலாம் திகதிக்கு நகர்த்தினார்கள். அங்கும் ஈரப்பதன் தகராறும் மூடைகள் நனைவதும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் வயலின் நாட்காட்டிக்கு அலுவலகம் இறங்கிவந்தது.

இங்கும் இறங்கிவரவேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் அறுவடைக் காலத்தைக் கணக்கில் எடுக்கும் ஓர் ஏற்பாடு, விவசாயிகளின் அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு, உடனடியாக வகுக்கப்படவேண்டும். ஒவ்வொரு போக நெல்லுக்கான விலையையும் ஆரம்பக் கூட்டத்துக்கு வரும்போதே கையில் கொண்டுவாருங்கள்.